பதினேழாம் ஜாடி

கிழக்குத் தாம்பரம்
2 ஏப்ரல் 1974

எட்மண்ட் அவர்களுக்கு,

நலம் விசாரிப்புகள் வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு சந்தேகம். அதற்காக மட்டும் எழுதுகிறேன்.

என் தீசிஸ் இம்மாதம் டைப்புக்குப் போகிறது. மே 31க்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்தாக வேண்டும். அன்றுதான் நம் கைடு வேதசிரோமணி சார் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு இந்தத் துறையில் நண்டைத் திருப்பிப் பார்க்க ஆள் கிடையாது. என் பதிவும் அதோடு சரி. ஜூனில் ஒரு பெண்கள் கல்லூரியில் வேலை சொல்லியிருக்கிறார்கள். தீசிஸ் கொடுத்ததற்கு அத்தாட்சி காட்டினால்தான் வேலை.

அதனால் எல்லா ஜாடிகளையும் இறக்கிச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இங்கே என்னோடு ஆராய்ச்சி செய்த நாட்களில் பொரிக்கவைத்த நண்டுக் குஞ்சுகள் பதினேழிலும் பதினெட்டிலும் இருக்கின்றன. பதினேழு, முட்டுக்காட்டுச் சேற்று நண்டின் குஞ்சுகள். பதினெட்டு, கோவளத்து மணல் நண்டின் குஞ்சுகள். உள்ளே போட்ட சீட்டுகளில் தேதி 11 மார்ச் 1972. கையெழுத்து உங்களுடையது.

அந்த மாதத்துச் சீட்டுகள் எல்லாம் பென்சிலில் இருக்கின்றன. இவை இரண்டு மட்டும் கறுப்பு டிராயிங் இங்க். ஏன்?

ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கலாம். என் ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இந்த இரண்டு ஜாடிகள்மேல் நிற்கிறது. அதனால் கேட்கிறேன்.

ஞானஜோதி


பாளையங்கோட்டை
8 ஏப்ரல் 1974

அன்புள்ள ஜோதி,

'அவர்களுக்கு' என்று போட்டிருக்கிறாய். கல்யாணம் ஆனவனுக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்திருந்தால் முன்பே செய்துகொண்டிருப்பேன். சாராள் கவரைப் பார்த்துவிட்டு, "யாரோ பெரிய ஆபீசர் எழுதியிருக்காங்க போல" என்றாள்.

ஒன்றேகால் வருடம் கழித்து உன் கையெழுத்து. மாறவில்லை. நண்டின் காலை வரைவது போலவே எழுத்தையும் வரைகிறாய்.

சீட்டு விஷயம் ஞாபகமில்லை. பென்சில் தீர்ந்திருக்கும். கையில் கிடைத்ததை எடுத்து எழுதியிருப்பேன். என் மேஜை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

இங்கே பி.யூ.சி. பையன்களுக்குத் தவளை அறுத்துக் காட்டுகிறேன். கடல் இல்லாத ஊர். போன வாரம் ஒருத்தன், "சார், வௌவால் ஏன் பறவை இல்ல? பறக்குதுல்லா?" என்று கேட்டான். நீ சொல்வதையே சொன்னேன். பறப்பது ஒரு வேலை. ஒரே வேலை பார்க்கிற இரண்டு பேர் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள். வகுப்பு சிரித்தது. நீ சொன்னது என்று அவர்களிடம் சொல்லவில்லை.

தைரியமாக டைப்புக்குக் கொடு.

எட்மண்ட்


கிழக்குத் தாம்பரம்
12 ஏப்ரல் 1974, பெரிய வெள்ளி

எட்மண்ட்,

ஆராதனை முடிந்து வந்து எழுதுகிறேன். இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் பிரசங்கத்துக்கும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் காதில் விழவில்லை.

அந்த டிராயிங் இங்க் புட்டியை வாங்கியது நான். என் படங்களுக்காக, மவுண்ட் ரோட்டில். ரசீது என் நோட்டில் ஒட்டியிருக்கிறது. 20 நவம்பர் 1972. அதற்கு முன் நம் லேபில் கறுப்பு மை கிடையாது. மார்ச் தேதி போட்ட சீட்டை நீ நவம்பருக்குப் பிறகு எழுதியிருக்கிறாய்.

நீங்கள் என்று தொடங்கினேன். முடியவில்லை.

உனக்கு மறந்திருக்காது. இருந்தாலும் எழுதுகிறேன், எனக்காக. சேற்று நண்டும் மணல் நண்டும் பார்க்க ஒன்று. காம்பு மாதிரி நீண்ட கண். அதே ஓட்டம். புத்தகங்கள் இரண்டையும் ஒரே குடும்பமாக வைத்திருக்கின்றன. ஆனால் பார்வைக்கு ஒன்றாக இருப்பது உறவு இல்லை. பத்துக் கால் இருப்பதும் உறவு இல்லை. அது எல்லா நண்டுக்கும் பொதுவான பழைய சொத்து. பழையது எதையும் நிரூபிக்காது. புதிதாக ஒன்று தோன்றி, அது இரண்டிடம் மட்டும் இருந்தால், அவை இரண்டும் ஒரே கிளை.

பதினேழாம் ஜாடிக் குஞ்சுக்கு ஓட்டின் இரு பக்கமும் முள். கழிமுகத்துச் சதுர நண்டின் குஞ்சுக்கும் அதே முள். நான் பார்த்த வேறு எதற்கும் இல்லை. அதை வைத்துத்தான் சேற்று நண்டை மணல் நண்டின் பக்கத்திலிருந்து வெட்டி எடுத்துச் சதுர நண்டோடு சேர்த்தேன். ஐந்து வருடத்தில் நான் கண்டுபிடித்தது அந்த ஒரு முள்.

அது யாருடைய குஞ்சு? அதை மட்டும் சொல்.

ஜோதி


பாளையங்கோட்டை
19 ஏப்ரல் 1974

ஜோதி,

எனக்குத் தெரியாது.

இந்த வரியை எழுதி மூன்று நாள் ஆயிற்று. அதற்குமேல் வரவில்லை. இன்று முயல்கிறேன்.

இரண்டு கிண்ணத்திலும் ஒரே நாளில் பொரித்தது. கெடாமலிருக்க ஸ்பிரிட்டில் போட்டேன். சீட்டு எழுதப் பென்சில் கிடைக்கவில்லை. சட்டைப்பையில் பேனா இருந்தது. நீல மை. ஸ்பிரிட்டில் பேனா மை கரைந்துவிடும் என்று முதல் வருடப் பையனுக்குக்கூடத் தெரியும். நாளை மாற்றி எழுதலாம் என்று மூடி வைத்தேன். மறுநாள் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி. ஊருக்குப் போனேன். வந்தேன். மறந்தேன்.

நவம்பரில் நீ அந்த ஜாடிகளைக் கேட்டாய். இறக்கினேன். இரண்டிலும் வெள்ளைக் காகிதம். ஸ்பிரிட் மட்டும் லேசாக நீலம்.

சேற்று நண்டின் கிண்ணம் வலது பக்கம் இருந்ததாக ஒரு ஞாபகம். ஜாடியையும் அப்படியே வைத்திருப்பேன் என்று ஒரு யூகம். பாதிக்குப் பாதி. உன் மையை எடுத்து எழுதினேன். இரண்டு நாளில் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

அதற்குள் நீ முள்ளைப் பார்த்துவிட்டாய். போர்டில் நண்டுகளின் வம்ச மரம் வரைந்தாய். சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டோடு நின்று சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தாய். அந்தக் காபியைக் குடித்துக்கொண்டு எப்படிச் சொல்வது.

ஜனவரியில் நான் போனதற்கு நீ வேறு காரணம் நினைத்தாய். கல்யாணம் பற்றி நான் கேட்டதற்கு, "தீசிஸ் முடியட்டும்" என்று நீ சொன்னதால் கோபம் என்று. கோபம் இல்லை. அந்தத் தீசிஸ் முடிகிற அன்று உன் முகத்தைப் பார்க்க என்னால் முடியாது. அதனால் போனேன்.

எட்மண்ட்


கிழக்குத் தாம்பரம்
23 ஏப்ரல் 1974

எட்மண்ட்,

திட்டி மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது. இதில் வேலை மட்டும்.

முட்டையோடு ஒரு பெண் சேற்று நண்டு வேண்டும். ஒன்று போதும். பொரித்த அன்றே முள் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மே போய்விட்டால் அடுத்த ஜனவரி வரை முட்டை கிடையாது. நேற்று கோவளம் போனேன். துலுக்காணத்தின் மனைவி அங்காளம்மாவை ஞாபகம் இருக்கிறதா, நமக்கு நண்டு பிடித்துத் தருவாளே. விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாம்மா நீ. துன்னவும் மாட்டேன்ற, விக்கவும் மாட்டேன்ற. இத்த வச்சிகினு இன்னாதான் பண்ணுவ?"

"குஞ்சு பொரிச்சாப் பாப்பேன்."

"பாத்து?"

"இது யாரோட சொந்தம்னு தெரியும்."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். "எங்க வூட்லயே யாரு சொந்தம்னு தெரியாம கீது, நண்டுக்குப் பாக்குது பாரு."

தேடுகிறேன் என்றாள். டின்னில் கடல் தண்ணீர் எடுத்து வந்தேன். பஸ்ஸில் கண்டக்டர், "இன்னாம்மா, கடலையே தூக்கினு போறியா?" என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்திருக்க வேண்டும்.

நீ ஒன்று செய்ய வேண்டும். இரண்டு சீட்டையும் தெரியாமல் எழுதினேன் என்று வேதசிரோமணி சாருக்கு ஒரு கடிதம். கையெழுத்தோடு. அது இருந்தால் அவர் ஓய்வு பெறுவதற்கு முன் பல்கலைக்கழகத்துக்கு எழுதி எனக்கு ஆறு மாதம் கேட்க முடியும். அது இல்லாமல், முடித்த தீசிஸ் தப்பு என்று நானே போய் நின்றால் நம்ப மாட்டார். "முடிக்கிற நேரத்துல பொண்ணுங்களுக்கு ஒரு காய்ச்சல் வரும்" என்று ஏற்கெனவே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

உன் 19ஆம் தேதிக் கடிதத்தை அவரிடம் காட்ட முடியாது. அதில் காபி இருக்கிறது. சாராள் காதுக்குப் போகக் கூடாத வரிகள் இருக்கின்றன. எனக்கும் கூசுகிறது.

தனியாக எழுது. நான்கு வரி போதும்.

ஜோதி


பாளையங்கோட்டை
30 ஏப்ரல் 1974

ஜோதி,

நான்கு வரிதான். எழுதிவிட்டேன். கவரில் போடவில்லை.

ஜூன் பத்தாம் தேதி என் வேலையை நிரந்தரமாக்கும் கூட்டம். எங்கள் கல்லூரிச் செயலாளரும் வேதசிரோமணி சாரும் கூடப் படித்தவர்கள். ஒரு போன் போதும். சாராளுக்கு ஆறாம் மாதம். இதெல்லாம் காரணம் இல்லை என்று நீ சொல்வாய். எனக்கும் தெரியும்.

ஆனால் இதை யோசி. சீட்டு சரியாகவே இருந்துவிட்டால்? பாதிக்குப் பாதி அல்லவா. உன் புதுக் குஞ்சுக்கு முள் இருந்தால் என் கடிதம் யாருக்கும் தேவையில்லை. முதலில் பொரிக்கட்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேனே.

எட்மண்ட்


கிழக்குத் தாம்பரம்
4 மே 1974

எட்மண்ட்,

முதல் நண்டு வந்தது. முட்டை கறுத்து, உள்ளே கண் புள்ளிகள் தெரிந்தன. இரண்டு நாளில் பொரித்திருக்கும். இரவு கரண்ட் போய் மின்விசிறி நின்றிருக்கிறது. காலையில் போனபோது தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அது தன் முட்டைகளைத் தானே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. கொடுக்கால் எடுத்து, நிதானமாக.

நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். தடுக்கத் தோன்றவில்லை.

பொரிக்கட்டும், பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்கிறாய். முள் இருந்தால் உனக்கு நல்லது. இல்லாவிட்டால் எனக்கு நேரம் இருக்காது. இதைக்கூட நீ யோசிக்கவில்லையா, அல்லது யோசித்தாயா.

எட்டாம் தேதியிலிருந்து ரயில் ஓடாது, வேலைநிறுத்தம் என்கிறார்கள். தபாலும் ரயிலில்தான் வருகிறது. இது கிடைத்த அன்றே கவரில் போடு. இன்னொரு முறை கேட்க மாட்டேன்.

ஜோதி


பாளையங்கோட்டை
7 மே 1974

ஜோதி,

பிற்பகல் தபாலில் உன் கடிதம். யோசித்தேன். நீ கேட்டதற்கு அதுதான் பதில். யோசித்துத்தான் எழுதினேன்.

அந்த நண்டு கண்ணைவிட்டுப் போகவில்லை.

இதோடு இருக்கிறது. சாராளிடமும் சொல்லிவிட்டேன், காபி உட்பட. அவள் பசையை எடுத்து வந்து கவர் பக்கத்தில் வைத்தாள். பிறகு, "அந்தக்கா பாவம், இன்னிக்கே போடுங்க" என்றாள். மாடியில் இருக்கும் தயாளன் தபால் ஆபீசில் வேலை பார்க்கிறார். ஆறு மணி மெயிலில் போய்விடும், அதுதான் கடைசி என்று சொல்லிக் கையில் வாங்கிக்கொண்டு போனார்.

எட்மண்ட்

(இணைப்பு)

மதிப்பிற்குரிய வேதசிரோமணி சார் அவர்களுக்கு,

1972 நவம்பரில், 17, 18 எண் ஜாடிகளின் சீட்டுகளில் எழுத்து அழிந்திருப்பதைக் கண்டேன். எது எந்த நண்டின் குஞ்சு என்று தெரியாமலேயே புதிய சீட்டுகளை எழுதிப் போட்டேன். தவறு முழுவதும் என்னுடையது. செல்வி ஞானஜோதிக்கு இது தெரியாது.

தங்கள் மாணவன்,
எட்மண்ட்


கிழக்குத் தாம்பரம்
26 மே 1974

எட்மண்ட்,

இது எப்போது போகும் என்று தெரியாது. தாம்பரத்தில் தண்டவாளம் துரு ஏறிக் கிடக்கிறது. யார்டில் போலீஸ். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. எழுதியும் வராமல் இருக்கிறதா, எழுதவே இல்லையா. தினமும் இரண்டில் ஒன்றை நம்புகிறேன். தந்தி கொடுக்கலாம் என்று போனேன். தந்திப் படிவத்தை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். இன்னொரு முறை கேட்க மாட்டேன் என்று எழுதியிருந்தேன். அந்த வீம்பை வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

இரண்டாவது நண்டு செத்தது. மூன்றாவதை அங்காளம்மா பானையில் சேறு போட்டுத் தலைமேல் வைத்து, பஸ்ஸில் இடமில்லாமல், கேளம்பாக்கம் வரை நடந்து கொண்டுவந்தாள். "இது பெத்துக்கும். மூஞ்சப் பாத்தாத் தெரிது" என்றாள். சோடாக் கடையில் ஐஸ் வாங்கிக் கிண்ணத்தைச் சுற்றி வைத்தேன். நாலு நாள் லேபிலேயே இருந்தேன். அம்மா சாப்பாட்டைக் கேட்டில் கொடுத்துவிட்டுப் போவாள்.

வெள்ளிக்கிழமை காலை பொரித்தது. ஆயிரம் இருக்கும். தண்ணீரில் தூசி மாதிரி. ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

முள் இல்லை.

இன்னொன்று. இல்லை. நாற்பது பார்த்தேன். ஒன்றிலும் இல்லை. உன் வலது பக்கம் தப்பு. முள் மணல் நண்டின் குஞ்சுக்கு. மணல் நண்டுதான் சதுர நண்டின் உறவு. நூற்றுப்பத்துப் பக்கம் தப்பான பிள்ளைக்காக வாதாடியிருக்கிறேன். ஓடு, வாய், கால் மயிர், ஒவ்வொன்றும் என் பக்கம்தான் பேசுகிறது என்று எழுதியிருக்கிறேன். பேச வைத்திருக்கிறேன்.

சாரிடம் போனேன். மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார்.

"சார், பதினேழும் பதினெட்டும் மாறியிருக்கு."

"யார் சொன்னா?"

"பொரிக்க வச்சுப் பாத்தேன் சார்."

"ஒரு தரம் பொரிச்சதுக்கா? நீ பிடிச்சது வேற நண்டா இருக்கும்மா. சீட்டு மாறுச்சுன்னு யார் சொன்னா? எட்மண்ட் எழுதினானா?"

உன் 19ஆம் தேதிக் கடிதம் என் வீட்டு அலமாரியில், பைபிளுக்குள் இருக்கிறது. போய் எடுத்துவர இருபது நிமிடம்.

"இல்ல சார்."

"அப்புறம் என்ன. நண்டு கோர்ட்டுக்குப் போகாது. லாசரஸ் டைப் அடிச்சு முடிச்சுட்டான். நான் கையெழுத்துப் போட்டாச்சு. போய்த் தூங்கு."

இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. தினமும் இரண்டு வேளை தபால்காரரைப் பார்க்கிறேன். அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

ஜோதி


கிழக்குத் தாம்பரம்
5 ஜூன் 1974

எட்மண்ட்,

உன் 7ஆம் தேதிக் கடிதம் 3ஆம் தேதி வந்தது. ஒரே நாளில் ஒரு மூட்டை. தபால்காரர் வீட்டுக்குள்ளேயே வந்து கொடுத்தார். சந்தோஷமாக.

30ஆம் தேதி தீசிஸைக் கொடுத்துவிட்டேன். ஐந்து பிரதி, பச்சை பைண்டு. மரம் பழைய மரம்தான். கவுண்டரில் முத்திரை குத்தினார்கள். நானும் அம்மாவும் வெளியே வந்து கரும்புச் சாறு குடித்தோம். அம்மா அழுதாள். என்ன என்று கேட்டேன். "முடிஞ்சிட்டுல்ல" என்றாள்.

உன்மேல் பழி போடலாம் என்று பார்க்கிறேன். வேலைநிறுத்தத்தின்மேல் போடலாம் என்று பார்க்கிறேன். நீ யோசித்த ஒரு வாரம் இருக்கிறது, ரயில் நின்ற இருபது நாள் இருக்கிறது. ஆனால் பைபிளுக்குள் ஒரு கடிதம் இருந்தது. இருபது நிமிடம் நடந்தால் போதும். நான் நடக்கவில்லை. உன் கடிதம் வந்திருந்தால் கொடுத்திருப்பேன் என்று சத்தியம் செய்யவும் இப்போது பயமாக இருக்கிறது.

பழையது எதையும் நிரூபிக்காது என்று உனக்கு எழுதினேன். ஒரே ஊர், ஒரே சபை, ஒரே லேப், நான்கு வருடம். எதுவும் உறவு இல்லை. தெரிந்தே தப்பை விட்டுவைத்தது, இது புதியது. உன்னிடமும் என்னிடமும் மட்டும் இருக்கிறது.

சாராளுக்கு என் அன்பைச் சொல். இனி எழுத வேண்டாம்.

திங்கட்கிழமை வேலையில் சேருகிறேன். அதற்குமுன் நேற்று ஒருமுறை லேபுக்குப் போனேன். சாரின் அறை பூட்டியிருந்தது. பதினேழையும் பதினெட்டையும் இறக்கிச் சீட்டுகளைச் சரியாக மாற்றி எழுதினேன். அத்தியாயம் ஒன்று சொல்லும், ஜாடி வேறு சொல்லும். என்றைக்காவது யாராவது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பார்க்காமலும் போகலாம்.

சாருக்கு நீ எழுதியதையும் பதினேழில் போடலாம் என்று எடுத்தேன். நீல மை. இதையும் நீ நீல மையில்தான் எழுதியிருக்கிறாய். அதனால் கெட்டிக் காகிதத்தில் பென்சிலால் பிரதி எடுத்தேன். வரிக்கு வரி, உன் பெயர் வரை. கடைசி வரியில் ஒரு சொல்லை மட்டும் மாற்றினேன். 'செல்வி ஞானஜோதிக்கு இது தெரியும்.' பக்கத்தில் என் கையெழுத்து, தேதி. உன்னுடையதை இதோடு திருப்பி அனுப்புகிறேன்.

புது ஸ்பிரிட் ஊற்றி மூடினேன். இன்று காலை மறுபடி போய்ப் பார்த்தேன். எழுத்து அப்படியே இருக்கிறது.

ஜோதி